கமலாவின் வலது கை

இரண்டு பேராகப் போனவள் ஒருத்தியாக வந்தாள். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வாயில் போட்டு மெல்ல ஊருக்கு இதுவே ஜாஸ்தி.

தை மாதம், ஒரு புதன்கிழமை காலையில் கமலா தன் மகள் சுபஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "திருக்கோவிலூர்ல எங்க அண்ணன் வூட்டுக்குப் போய்ட்டு வரோம்" என்று புருஷன் கண்ணாயிரத்திடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மறுநாள் சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, ரோட்டைத் தாண்டும்போது பைக் இடித்து, மண்டை உடைந்து கிடந்தாள். தனியாகக் கிடந்தாள். திருக்கோவிலூர் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டால், "இங்க யாரும் வரவே இல்லியே" என்கிறார்.

நாலு நாள் கழித்துக் கண் விழித்த கமலாவுக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் ஞாபகம் இருந்தது. அதற்கடுத்து ஆஸ்பத்திரி ஃபேன். நடுவில் இருந்த புதனும் வியாழனும் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டாகப் போய்விட்டன. "தலையில அடிபட்டா அப்படித்தாம்மா. சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது" என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

மிச்சமிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமையாவது நல்ல ஞாபகமாக இருக்கக் கூடாதா? அன்றைக்குத்தான் மூத்தார் ராஜாங்கம், அதாவது கண்ணாயிரத்தின் அண்ணன், தன் மச்சான் மகனுக்குச் சுபஸ்ரீயைப் பேசி முடிக்க ஆட்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் எதிர்ப்பேச்சே கிடையாது. இருபத்தோரு வயதுப் பெண், காலேஜ் முடித்தவள், கூடத்துக்கு நடுவில் வந்து நின்று, "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். ராஜாங்கத்தின் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்து, அவர் கை ஓங்குவதற்குள் கமலாவே மகளை ஓர் அறை விட்டாள். பளார் என்று விழுந்தது. வலது கையால் விட்ட அந்த அறையோடு ஞாபகம் அறுந்துபோயிருந்தது.

மூன்று மாதம் ஓடிவிட்டது. போலீஸ் வந்தது, கேட்டது, எழுதியது. சுபஸ்ரீயின் போன் புதன்கிழமை வீட்டிலேயே அணைந்திருந்தது. கமலாவின் போன் விபத்தில் ரோட்டில் தெறித்து, பின்னால் வந்த லாரிச் சக்கரத்தில் தூளாகியிருந்தது. 'காணவில்லை' என்று போட்டோ போட்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "ஆத்துல தள்ளிட்டாளோ இன்னாவோ, மறந்துட்டேன்னு நாடகம் ஆடறா" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னது, கமலா காதில் விழ வேண்டும் என்றே சொன்னது.

அதைவிடக் கொடுமை, கமலாவுக்கே தன்மேல் சந்தேகம் வந்ததுதான். வலது உள்ளங்கையின் நடுவில் எட்டணா அகலத்துக்கு ஒரு தீக்காயம் இருந்தது. பைக் சைலன்சர் பட்டிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள். காயம் ஆறி வெள்ளைத் தழும்பாகிவிட்டது. சோறு பிசையும்போதெல்லாம் அந்தத் தழும்பைப் பார்ப்பாள். இந்தக் கைதானே என் பெண்ணை அடித்தது? அடித்ததோடு நின்றதா? நிற்காமல் வேறு ஏதாவது செய்துவிட்டதா? கேட்டால் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

சந்தேகத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் கரும்புக் கொல்லைப் பக்கம் போனாள். கொல்லை ஓரத்தில் இருந்த பாழுங்கிணற்றைக் காணோம். டிராக்டர் டிராக்டராக மண்ணைக் கொட்டி மூடி, மேலே சமப்படுத்தியிருந்தது. யார் மூடினார்கள் என்று கேட்கவே வேண்டாம். கண்ணாயிரத்தின் மண்வெட்டி அங்கேயே கிடந்தது. முப்பது வருஷமாக மூடாத கிணற்றை இப்போது எதற்கு மூடினார்? மூத்தார் சொல்லி மூடினாரா? உள்ளே என்ன இருக்கிறது? நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் புருஷனைக் கேட்கவில்லை. கேட்டு, அவர் வாயால் ஏதாவது வந்துவிட்டால் அப்புறம் உயிரோடு இருப்பது எப்படி?

கண்ணாயிரமும் அப்படித்தான். சாப்பிட உட்காருவார், இரண்டு உருண்டை, எழுந்துவிடுவார். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூன்று மாதம் ஓட்டினார்கள்.

சித்திரை பிறந்து, கரும்புக்குச் சோகை, அதாவது காய்ந்த தோகை, உரிக்க ஆள் வந்தது. அதில் செவ்வந்தி ஒருத்தி. கூலி வேலைக்கு வருகிறவள்தான், ஆனால் மனசில் பட்டதை மறைக்கத் தெரியாதவள். பத்து மணிக்குக் கமலா மோர் கொண்டுபோய் ஊற்றியபோது, செவ்வந்தி சொம்பை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னாம்மா இது, உள்ளங்கையில?"

"பைக்குல சுட்டுக்கிச்சாம்."

"யாரு சொன்னது? பைக்கு சுட்டா இழுத்துக்கினு போவும். இது வட்டமா, நட்ட நடுவுல குந்திக்கினு கீது." செவ்வந்தி தன் வலது கையைத் திருப்பிக் காட்டினாள். அதே இடம், அதே வட்டம், பழைய தழும்பு. "என் நாத்தனா நகய காணோம்னு எம்மேல பழி போட்டா. மாரியாத்தா கோயிலாண்ட போயி சூடத்த கொளுத்தி, அணைச்சி சத்தியம் பண்ணேன். மத்தவங்க பட்டுனு ஒரு தட்டு தட்டிட்டுக் கைய எடுத்துடுவாங்க. எனக்கு ரோஷம், முழுசா அவியற வரிக்கும் கைய எடுக்கல. இது சூடம் அணைச்ச கைம்மா."

கமலா மோர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்க யாருக்கோ சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்க. அதுவும் ஒப்புக்குப் பண்ணல, மனசார பண்ணியிருக்கீங்க" என்றாள் செவ்வந்தி. சொல்லிவிட்டு மோரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இவள் அல்லவா டாக்டர்!

சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மறுபேச்சு கிடையாது. கோர்ட்டுத் தீர்ப்பைக்கூட மேலே எடுத்துக்கொண்டு போகலாம், இதைப் போக முடியாது. கமலா வீட்டுக்கு நடந்துகொண்டே யோசித்தாள். சத்தியம் என்றால் அதை வாங்கிக்கொள்ள எதிரில் ஓர் ஆள் நின்றிருக்க வேண்டும். தண்ணீரில் தள்ளிவிட்டு வந்தவள் யாருக்குச் சத்தியம் செய்யப்போகிறாள்? மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் நெஞ்சில் கொஞ்சம் காற்று இறங்கியது.

வீட்டில் யாரும் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தாலிக்கயிற்றை வெளியே எடுத்துப் பார்த்தாள். தாலிக்குப் பக்கத்துக்கு இரண்டாக நாலு தங்கக் குண்டு கோத்திருந்தது. விபத்துக்கு அப்புறம் இரண்டுதான் இருந்தது. கயிறு அறுந்து ரோட்டில் உருண்டிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பிவிட்டாள். ஆனால் கயிறு அறுந்த கயிறு இல்லையே! குண்டு இருந்த இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, மிச்சம் நழுவாமலிருக்க முடிச்சுப் போட்டிருந்தது. நூலை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு இழுக்கிற முடிச்சு. கமலா கோணிக்கும் அப்படித்தான் கட்டுவாள், மகளின் சடைக்கும் அப்படித்தான் கட்டுவாள். அவள் கை போட்ட முடிச்சு அது.

தாலியிலிருந்து குண்டு கழற்றுவது என்பது, கழுத்தில் கத்தி வைத்தாலும் ஒரு பெண் செய்யாத காரியம். ஒரே ஒரு காரியத்துக்குச் செய்வாள். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது, தாய்வீட்டுக் குண்டு இரண்டு அதில் கோக்க வேண்டும். கடைக்குப் போக நேரமோ வழியோ இல்லையென்றால், பெற்றவள் தன்னுடையதைக் கழற்றித் தருவாள். கமலாவுக்கு அவள் அம்மா அப்படித்தான் தந்தாள்.

"ஐயோ, என் பொண்ணுக்குக் கல்யாணம் நடந்துருக்குது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்னதும் பயந்துபோய் வாசலைப் பார்த்தாள். வாசலில் கோழிதான் நின்றிருந்தது.

அன்றைக்குக் கட்டியிருந்த புடவை, இரத்தக்கறையோடு பாலிதீன் கவரில் கட்டி, பரண்மேல் கிடந்தது. துவைக்கவும் மனசில்லை, எரிக்கவும் மனசில்லை. இப்போது அதை இறக்கிப் பிரித்தாள். முந்தானை ஓரத்தில் சின்னதாக ஒரு முடிச்சு. அதே முடிச்சு. அவிழ்த்தால் உள்ளே ஒரு சிட்டிகைத் தானியம், மஞ்சள் தடவியது. கல்யாணத்தில் தூவும் அட்சதை. அட்சதை என்றால் பச்சரிசிதானே இருக்க வேண்டும்? இது அரிசி இல்லை. பொடியாக, உருண்டையாக, சாமை.

நெல் கொழிக்கிற ஊரில் எவனாவது சாமையில் அட்சதை போடுவானா? அரிசி கைக்கு எட்டாத இடத்தில், அவசரத்தில், வீட்டில் இருந்த தானியத்தை அள்ளி மஞ்சளில் புரட்டியிருக்கிறார்கள். சாமை விளைகிற இடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான். கமலா கொல்லைப்பக்கக் கதவைத் திறந்தாள். மேற்கே கல்வராயன் மலை, எப்போதும் போல, நீலமாகக் கிடந்தது. தினமும் பார்த்த மலைதான்.

மலையில் ஊர் ஒன்றா இரண்டா? ஆனால் சுபஸ்ரீ போன ஊர் ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன் காலேஜ் என்.எஸ்.எஸ். முகாமென்று அறுபது பெண்கள் ஏழு நாள் போய்த் தங்கிய ஊர், கடுக்காம்பட்டு. வந்ததிலிருந்து ஒரு மாதம் அந்த ஊர்க் குளிரைப் பற்றியும் தேனைப் பற்றியும்தான் பேச்சு. அறுபது பேரோடு போன இடம் என்பதால் யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை. ராஜாங்கம் காலேஜ் பையன்கள் வீட்டு வாசலையெல்லாம் மிதித்துவிட்டு வந்தார். மலைப் பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை. மலைக்காரர்களை அவர் மனுஷக் கணக்கில் சேர்த்தால்தானே!

மறுநாள் தலைக்கு டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். கண்ணாயிரம்தான் கூட்டிப்போவார். ஆனால் அன்றைக்கு இன்னொரு கொல்லையில் கரும்பு வெட்ட ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். "நான் தனியா போய்க்கறேங்க" என்றாள் கமலா. அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். போன தடவை தனியாக வந்தவள் என்பது அவர் பார்வையில் இருந்தது. "சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். ரோட்ட தாண்டாத" என்றார்.

கள்ளக்குறிச்சியில் இறங்கியவள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. கச்சிராயபாளையம் வழியாகப் போகும் மலை பஸ்ஸில் ஏறினாள். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பஸ் முனகிக்கொண்டே ஏறியது. ஒவ்வொரு வளைவிலும், 'இங்க வந்திருக்கேனா? இந்த மரத்த பாத்திருக்கேனா?' என்று மனசைக் கிண்டினாள். ஒன்றும் வரவில்லை. எல்லாம் புதுசாகத்தான் இருந்தது. சாமையும் முடிச்சும் தழும்பும் சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறதோ என்று பயம் வந்தது. அங்கே போய், அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டால்? அப்புறம் மிச்சம் அந்தக் கிணறுதான்.

கடுக்காம்பட்டு நிறுத்தத்தில் இறங்கினாள். மரவள்ளிக் கொல்லைக்கு நடுவில் மண்பாதை. எதிரில் விறகோடு வந்த ஒரு பெண் அவளைப் பார்த்ததும் சிரித்து, "வாங்க, மறுபடியும் வந்தீங்களா? இந்தத் தரம் தனியாவா?" என்றாள்.

மறுபடியும்! அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கமலா நடுப்பாதையில் நின்றுவிட்டாள். வாய் மட்டும் "ஆமா, ஆமா" என்றது.

அந்தப் பெண் காட்டிய வீட்டு வாசலில் பாய் விரித்துக் கடுக்காய் காயப்போட்டிருந்தது. குனிந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். சுபஸ்ரீதான். கொஞ்சம் கறுத்திருந்தாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. அவளுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

"யாரு கூடம்மா வந்த? பெரியப்பா வரலியே?"

"இல்லடி. நான் மட்டும்தான்."

அதற்கப்புறம்தான் ஓடிவந்தாள். கமலா மகளின் கன்னத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், கையை எடுத்து விரல் விரலாகத் தடவினாள். பெற்ற மனம் பித்து என்பார்கள், பித்தேதான். அழுகை நின்று பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று.

"நான் இங்க வந்தேனா?" என்று கமலா கேட்டதும் சுபஸ்ரீ விழித்தாள். விபத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது, கமலாதான் சொன்னாள். வீட்டுக்காரன் வெற்றிவேல், மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், ஒருதரம் கச்சிராயபாளையம் போனபோது 'காணவில்லை' நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்து சொன்னானாம். "நீ எப்படியெல்லாம் நடிக்கிறன்னு நெனச்சி நாங்க சிரிச்சோம்மா. எங்கம்மா சத்தியத்த காப்பாத்திக்கினு கீதுன்னு பெருமையா சொல்லிக்கினு இருந்தேன். நீ மண்ட ஒடஞ்சி கெடந்திருக்க..." என்று மறுபடி அழத் தொடங்கினாள்.

"அழுவறத அப்புறம் அழு. எனக்கு என் ரெண்டு நாள சொல்லுடி."

சுபஸ்ரீ சொன்னாள். அறை வாங்கிய அன்றைக்கு ராத்திரி அவள் அழுதுகொண்டே, முகாமில் வெற்றிவேலைப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டியிருக்கிறாள். அம்மா விடியும்வரை படுக்காமல் உட்கார்ந்தே இருந்தாளாம். காலையில், "கௌம்பு. உங்க பெரியப்பன் இருக்கற ஊர்ல நீ இருக்க வேணாம்" என்றாளாம். வியாழக்கிழமை காலையில் மலையம்மன் கோயிலில் கல்யாணம். அரிசி வாங்கிவர ஆள் போய் வருவதற்குள் நேரம் தவறிவிடும் என்று வெற்றிவேலின் அம்மா சாமையை மஞ்சளில் புரட்டிக் கொடுத்தாளாம். தாலி கட்டும் நேரத்தில் அம்மா திடீரென்று, "நில்லுங்க" என்று சொல்லித் தன் கயிற்றிலிருந்து இரண்டு குண்டைக் கழற்றினாளாம்.

"நான் அழுதேனா?" என்று கேட்டாள் கமலா.

"இல்லம்மா. நீதான் அன்னிக்கு எல்லாரையும்விட ஜாஸ்தி சிரிச்ச."

ஒரே மகள் கல்யாணம். கண்ணால் பார்த்தும் பார்க்காதவளாகிவிட்டாளே கமலா! கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்லி, அம்மன் எதிரில் போய் நின்று பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் திரும்பி வரவில்லை. சூடம் கொளுத்தும் கல்லை மட்டும் தொட்டுப் பார்த்தாள். "இங்கதான்மா. நான்தான் பயந்து போயி சத்தியம் கேட்டேன்" என்றாள் சுபஸ்ரீ. "'பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும், இந்த வாயால ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்'னு சொன்ன. சூடத்து மேல கைய வெச்ச, எடுக்கவே இல்ல. நான்தான் புடிச்சி இழுத்தேன்."

கமலா தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். மூன்று மாதம் அதைக் கண்டாலே பயந்தோமே என்று வெட்கமாக இருந்தது. பாவம், அது நல்ல காரியம்தான் செய்திருக்கிறது. அவள் தலை மறந்ததை அதுதான் விடாமல் வைத்திருந்திருக்கிறது.

வெற்றிவேல் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து காலில் விழுந்தான். அவன் அம்மா சாமைச் சோறு போட்டாள். மூன்று மாதத்தில் கமலா வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். கிளம்பும்போது, "அன்னிக்குப் போட்டதுல மிச்சம் இருக்குதாடி?" என்று கேட்டு, மஞ்சள் சாமை ஒரு பிடி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஐந்து மணிக்குக் கண்ணாயிரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். வேட்டியில் கரும்புச் சாறு, கண்ணில் தூக்கமில்லை. ஆஸ்பத்திரி இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவள் மலை பஸ்ஸிலிருந்து இறங்கியதைக் கவனிக்கவில்லை. கமலா போய்ப் பக்கத்தில் நின்றாள். இத்தனை நாள் கேட்க முடியாததை இப்போது கேட்க முடிந்தது.

"ஏங்க, கெணத்த ஏன் தூத்தீங்க?"

அவர் திடுக்கிட்டுப் போனார். துண்டைப் பிடித்து முறுக்கினார். "கயித்த கட்டிக்கினு மூணு தரம் எறங்கிப் பாத்தேன் கமலா. அடிமண்ண கிளறிக்கூட பாத்தேன். இல்ல. ஆனாலும் அந்தப் பக்கம் போறப்பெல்லாம் எட்டிப் பாக்கச் சொல்லுது. நாலாந்தரம் எறங்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் மூடிட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "ஊரு உன்ன சொல்லுது. நான் உன்ன ஒருநாளும் நெனக்கல. எங்க அண்ணன்தான் ஏதாவது பண்ணிட்டாரோன்னு... அவருகூட பொறந்த பாவத்துக்கு வாயத் தொறந்து கேக்கவும் முடியல."

அட, இந்த மனுஷனா! தான் எதைப் பயந்தாளோ அதையேதான் அவரும் பயந்துகொண்டிருந்திருக்கிறார். கமலாவுக்கு அங்கேயே சத்தம் போட்டுச் சொல்லிவிட வேண்டும்போல நாக்கு துடித்தது. ஆனால் சத்தியம் இருக்கிறதே. இந்த வாயால் சொல்லமாட்டேன் என்றல்லவா அணைத்தாள்? பல்லைக் கடித்துக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவர் கையை இழுத்து விரித்து, மஞ்சள் சாமையை அதில் கொட்டினாள்.

கண்ணாயிரம் புரியாமல் பார்த்தார். விரலால் தள்ளிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். விவசாயிக்குத் தானியம் தெரியாதா? "சாமை... அட்சத மாதிரி மஞ்சளு..." என்று இழுத்தார். கமலா தாலிக்கயிற்றை வெளியே எடுத்து, குண்டு இல்லாத இடத்து முடிச்சுகளில் அவர் விரலை வைத்தாள். அவர் அந்த இரண்டு முடிச்சையும் தடவினார். அவர் முகத்தில் என்னவோ அசைந்தது.

"அப்பிடின்னா... நம்ம பொண்ணு..." என்றவர் மேற்கே மலையைப் பார்த்தார். "மேலயா? நல்லா கீதா? நீ பாத்தியா?"

கமலா வாயைத் திறக்கவில்லை. வலது உள்ளங்கையை விரித்துத் தழும்பைக் காட்டினாள். பிறகு மேலும் கீழும் தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு தரம் இல்லை, நாலைந்து தரம்.

அத்தனை ஜனத்துக்கு நடுவில், நின்ற இடத்திலேயே கண்ணாயிரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சமோசா விற்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அழுது முடித்ததும், ஒரு மணி சிந்தாமல் சாமையைத் துண்டு முனையில் கொட்டி முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஊருக்குப் போகும் சங்கராபுரம் பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்ததும் அவருக்குத் திடீரென்று கவலை வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையாயிற்றே.

"எங்க அண்ணன் கேப்பாரே கமலா. டாக்டரு இன்னா சொன்னாரு, ஏதாவது ஞாபகம் வந்துச்சான்னு தெனம் கேக்கறாரு. இன்னா சொல்லுவ?"

"இன்னா சொல்றது? தலையில அடிபட்டவ நான். எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல."

கண்ணாயிரம் இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"எனக்கும் வயசாவுது இல்ல? இப்பல்லாம் மறதி ஜாஸ்தியாத்தான் கீது" என்றார்.